ஐஸ் பட்டாணி, டின் பட்டாணி

கையில் சுற்றியிருந்த பட்டையை உருவிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "பிரஷர் இன்னைக்கும் கூடத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆபரேசன் பண்ண முடியாது. அடுத்த வாரம் வாங்க."

இது இரண்டாவது தடவை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நேரம் மறுபடி அளந்திருந்தால் மிஷின் தெறித்திருக்கும்.

"அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னா குத்தால சீசன் முடிஞ்சிரும்மா" என்றேன்.

"சீசன் அடுத்த வருசமும் வரும்லா? கண்ணு போனா வருமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். தென்காசிக்காரிதான். ஆனி மாதத்தில் ஒரு வேன் டிரைவரைப் பார்த்து இப்படிச் சொல்ல அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

பெஞ்சில் இருந்த வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தால் சாரல். மேற்கே மலையைக் காணோம், மொத்தமும் மேகம். ஸ்டேஷனில் அப்போதுதான் ரயில் வந்திருக்க வேண்டும். துண்டும் சோப்பு டப்பாவுமாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேன் தேடிக்கொண்டு நின்றார்கள். என் வேன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். வயிறு எரியாதா?

வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. பகலில் ஒருமாதிரி சமாளித்துவிடலாம். சாரல் விழும்போது எதிரே லைட் போட்டுக்கொண்டு ஒரு வண்டி வந்தால் போதும், கண்ணாடி முழுக்க வெளிச்சம் சிதறி ரோடே தெரியாது. சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இலத்தூர் பக்கம் ஒரு வளைவில், ஒரு சைக்கிளை நான் பார்க்கவே இல்லை. சைக்கிள்காரர் பார்த்ததால் பிழைத்தார். பக்கத்து வயலுக்குள் இறங்கி நின்று அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கே சாவியைக் கொண்டுவந்து சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டேன். யாரும் சொல்லி இல்லை, நானாகத்தான். கண் ஆபரேசன் முடிந்தால்தான் வண்டியைத் தொடுவது என்று முடிவு. பிரஷர் இறங்கினால்தான் ஆபரேசன் என்று ஆஸ்பத்திரியில் முடிவு. இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

சும்மா இருப்பது எனக்கு வராது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றும். காலையில் தார்ப்பாயைத் தூக்கி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். பிறகு அணைப்பேன். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா என்று தெரிந்த டிரைவர்களுக்கு எல்லாம் போன் போட்டுக் கேட்பேன். கேட்டுவிட்டு என்ன செய்யப் போகிறேன்? ஒன்றுமில்லை. "எதுக்கு இப்படி லாந்திக்கிட்டுக் கெடக்கீங்க, ஒரு எடத்துல இருங்களேன்" என்பாள் என் வீட்டுக்காரி. இருந்தால்தானே!

இதில் வீட்டுக்காரியின் கதையையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலி மட்டும் அவள் விரல்களிலேயே குடியேறிவிட்டது. கரண்டியைப் பிடிப்பாள், கிண்டுவாள். கத்தியைப் பிடித்து அழுத்தி ஒரு கேரட்டை நறுக்க முடியாது. நான் நறுக்குகிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் நாளே பீன்ஸோடு சேர்த்து விரலையும் நறுக்கிக்கொண்டேன். அவள் ஓடி வந்து மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக, "நல்ல ஜோடி போங்க! எனக்குக் கை இல்ல, உங்களுக்குக் கண்ணு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் நறுக்கிய காய் வந்தது. இரண்டு வழியாக வந்தது. எங்கள் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் உணவு, சத்து இதைப் பற்றித்தான் பாடம் எடுக்கிறாள். அவள் தென்காசியில் ஒரு கடைக்குப் போனிலேயே சொல்லி, ஐஸில் உறையவைத்த பட்டாணி, பீன்ஸ், கேரட் பாக்கெட்டுகளை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். என் மச்சினன் வளைகுடாவில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் அக்காவின் கைவலியைக் கேள்விப்பட்டு, கார்கோவில் ஒரு பெரிய பெட்டி நிறைய டின்களை அனுப்பிவிட்டான். டின் பட்டாணி, டின் பீன்ஸ், எல்லாக் காயும் சின்னச் சதுரமாக வெட்டிக் கலந்துபோட்ட டின். மூடியில் வளையம் இருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் நெம்பி இழுத்தால் திறந்துகொள்ளும், கத்தியே வேண்டாம்.

பாவூர்சத்திரம் மார்க்கெட் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. லாரி லாரியாகக் காய் அங்கிருந்து கேரளாவுக்குப் போகிறது. அந்த ஊர்க்காரன் நான், டின்னில் அடைத்த பீன்ஸைத் தின்கிறேன்! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் தாய்க்கும் மகளுக்கும் பெரிய வழக்கு: ஐஸ் காயில் சத்து அதிகமா, டின் காயில் சத்து அதிகமா? தினமும் போனில் இதே பேச்சு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் வாதாடுவார்கள்.

"அம்மா, ஐஸ் பட்டாணிய பறிச்ச கையோட வெந்நியில ஒரு முக்கு முக்கி உறைய வச்சிருவாங்க. சத்து அப்படியே நிக்கும். டின்னுல அடைக்கிறதுன்னா ரொம்ப நேரம் சூடு பண்ணணும். வைட்டமின் சி மாதிரி சூடு தாங்காததெல்லாம் கொஞ்சம் போயிரும்."

"ஏட்டி, நீ சென்னையில இருந்துக்கிட்டு பேசுத. இங்கன ஆனி ஆடிக் காத்துல கரண்டு ஒழுங்கா நிக்குதா? மரம் ஒடிஞ்சு விழுந்தா வயரும் விழுது. அங்கன உறைய வச்சது இங்கன வந்து உருகி, மறுபடி உறைஞ்சு, ஒரே கட்டியாக் கெடக்கு. அம்மிக்கல்லால உடைக்கணும் போல. அதுல என்னத்த சத்து?"

"உருகினத மறுபடி உறைய வைக்காதம்மா. அது கூடாது."

"அப்பம் டின்னுதான் நல்லது. கரண்டு போனா அதுக்கு என்ன? அது பாட்டுக்கு நிக்குது."

"நல்லதுதான். நான் வேண்டாம்னு சொல்லலியே. நார்ச்சத்து எல்லாம் டின்லயும் இருக்கும். தக்காளி டின்னுன்னா புதுத் தக்காளியவிட ஒரு விதத்துல மேலுன்னு கூடச் சொல்லுதாங்க."

நான் நடுவில் புகுந்து, "ரெண்டும் வேண்டாம், மார்க்கெட்டுல போயி கத்தரிக்காய் வாங்கிட்டு வாரேன்" என்பேன். மகள் விடமாட்டாள். "வாங்கி ஃப்ரிட்ஜுல ஒரு வாரம் போட்டு வச்சிருந்தா அதுலயும் சத்து கொறையும்ப்பா" என்பாள். கத்தரிக்காய்க்குக் கூட வாய்தா! எனக்கு எரிச்சலாக இருக்கும். சத்தைப் பற்றி இவர்கள் இப்படி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், என் பிரஷர் இறங்க ஒரு வழி சொல்ல ஆள் இல்லையே என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

காற்று வலுத்தது. கரண்டு அடிக்கடி போனது. ஐஸ் பாக்கெட் தோற்றது, டின் ஜெயித்தது. தினமும் ஒரு டின், சில நாள் இரண்டு.

பிரஷருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். கூடவே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று. என் வீட்டுக்காரி குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்தினாள். உப்பு ஜாடியைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். நார்த்தங்காய் ஊறுகாயை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பளம் கிடையாது, வத்தல் கிடையாது, கருவாடு என்ற சொல்லே கிடையாது. இட்லி மாவில் உப்பில்லை. காலையில் அந்த இட்லியை வாயில் வைத்தால், ஐயோ, பஞ்சை மெல்லுவது மாதிரி இருக்கும். "சவத்தத் தூக்கிப் போடு" என்று தட்டைத் தள்ளுவேன். "கண்ணு வேணுமா வேண்டாமா?" என்று தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளுவாள்.

ஆனால் மத்தியானச் சாப்பாடு மட்டும் எப்படியோ நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். தேங்காய்ப்பால் ஊற்றி, பட்டாணி பீன்ஸ் கேரட் எல்லாம் போட்டு அவள் வைக்கிற சொதி, எங்கள் பக்கத்துக் கல்யாண மறுவீட்டுச் சொதி மாதிரியே இருந்தது. ரசமும் அப்படித்தான்.

"உப்பு இல்லாம இப்படி ஒரு ருசி எங்கேருந்துளா வருது?" என்று வாய்விட்டே கேட்டேன்.

"இஞ்சிச்சாறும் எலுமிச்சம்பழமும் கணக்காப் போட்டா நாக்கு உப்பத் தேடாது. கைப்பக்குவம்" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம், பிரஷர்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும் என்று கூடச் சொன்னேன்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க மாத்திரையை நேரம் தவறாமல் போட்டிருந்தேன். கோபப்படக் கூடாது என்று பஸ்ஸில் கண்டக்டர் பாக்கி சில்லறை தராதபோதுகூட வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறியது, இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன தடவையைவிட அதிகம்.

இந்த முறை டாக்டரம்மாவே கூப்பிட்டு உட்காரவைத்தார். மாத்திரையை மாற்றி எழுதினார். பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, "வீட்டுல உப்பு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"உப்பே போடுறதில்ல டாக்டர். சாமி சத்தியமா ஒரு கல்லு உப்பு போடுறதில்ல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப, வெளியில ஏதாவது சாப்பிடுதீங்களா?"

என் வீட்டுக்காரியும் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி முழித்தேன். வெளியில் ஒரு டீ குடிப்பேன், அதுவும் சீனி இல்லாமல். வேறு எதையும் தொடுவதில்லை. சொன்னேன். யார் நம்பினார்கள்? குற்றாலம் ரோட்டில் வரிசையாகப் பரோட்டாக் கடை இருக்கிற ஊரில், நாள் முழுக்க வெளியில் லாந்துகிற ஒருவன் எதையும் தின்னவில்லை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தொடங்கினாள்.

"எங்கன போயி திங்குதீங்க?"

"திங்கலங்கேன்!"

"பொறவு எப்படி ஏறுது? காத்தக் குடிச்சா ஏறும்?"

சொல்லிக்கொண்டே கிட்டே வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். சால்னா வாசனை வருகிறதா என்று! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கோட்டியாளா பிடிச்சிருக்கு உனக்கு? கட்டின நாள்லேருந்து நான் உங்கிட்ட என்னத்த மறைச்சேன்? உப்பும் இல்ல, ஓட்டமும் இல்ல, அதுக்கு மேல சந்தேகம் வேறயா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவள் திரும்பக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "உங்களுக்காகத்தானே நானும் அதையே திங்கேன்? தனியா எனக்குன்னு ஒரு துளி உப்பு போட்டுக்கிட்டேனா? உப்பில்லாமத் தின்னு தின்னு எனக்கு எந்திரிச்சா தலை கிறுகிறுங்குது. யாருட்டயாவது சொன்னேனா? நீங்க என்னடான்னா எனக்குத் தெரியாம..."

செய்யாத தப்புக்குச் சமாதானம் சொல்வது எப்படி? குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போகிற இடமெல்லாம் வேன்கள். பழைய குற்றாலத்துக்கு, ஐந்தருவிக்கு, கேரளாப் பதிவெண் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாரும் எங்கேயோ போகிறார்கள். நான் நனைந்துகொண்டு ஒரு பூட்டிய கடையின் ஓரத்தில் நின்றேன். இந்தக் கண் இப்படியே போய்விடுமோ என்று அன்றைக்குத்தான் உண்மையாகப் பயந்தேன். இடது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வண்டி ஓட்டாமல் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், தின்பேன். "இன்னும் கொஞ்சம்" என்று நான் கேட்பதற்குள் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். சொதி மட்டும் அதே ருசியோடு இருந்தது. அந்தக் கோபத்திலும் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டேங்கீங்களாமே, என்ன?"

நான் பேச்சை மாற்றினேன். சண்டையைப் பற்றிப் பேசினால் மறுபடியும் கத்திவிடுவேன் என்று பயம். "அத விடு. இந்த ஐஸ், டின் வழக்குக்கு இன்னைக்கு ஒரு தீர்ப்பு சொல்லு. நானும் எத்தன நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"பாக்கெட்டயும் டின்னயும் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. பின்னால பொடி எழுத்துல என்னென்ன சேத்திருக்குன்னு போட்டிருக்கும். ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுதேன்."

அந்தப் பொடி எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தது. என் வீட்டுக்காரி கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாது, டின்னில் இருந்தது அரபியும் இங்கிலீஷும். போட்டோ எடுத்து அனுப்பினேன். பிறகு மகள் வாசித்துச் சொன்னாள்.

"ஐஸ் பாக்கெட்டுல பட்டாணி மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணும் சேக்கல. டின்னுல பட்டாணி, தண்ணி, சீனி, உப்பு. உப்பு நல்லாவே இருக்குப்பா. ஆனா அதனால ஒண்ணுமில்ல. அந்தத் தண்ணிய வடிச்சிட்டு, பைப்புல காட்டி ரெண்டு தடவ அலசிட்டா பாதிக்கு மேல போயிரும். அம்மா அப்படித்தானே செய்யுதா?"

அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரி, பேச்சை நிறுத்தின பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"எதுக்குட்டி வடிக்கணும்? சத்து பூரா அந்தத் தண்ணியிலலா இருக்கு?"



இது என் வீட்டுக்காரியின் வழக்கம் மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டு வழக்கமும் இதுதான். கீரை வேகவைத்த தண்ணீரையோ பருப்பு வேகவைத்த தண்ணீரையோ யாராவது கீழே ஊற்றுவார்களா? ரசத்தில் ஊற்றுவார்கள், குழம்பில் ஊற்றுவார்கள். வீரகேரளம்புதூரில் அவள் பிறந்த வீட்டில், காய் வெந்த தண்ணீரைக் கொட்டினால் சோற்றைக் கொட்டிய மாதிரி ஏச்சு விழும். டின்னுக்குள் காய் வெந்துதான் இருக்கிறது, கூடத் தண்ணீரும் இருக்கிறது. அப்படியானால் அது காய் வெந்த தண்ணீர். அதை எப்படிக் கொட்டுவது? சொதியில் ஊற்றினாள். மிச்சத்தை ரசத்தில் ஊற்றினாள். தினமும்.

"அம்மா" என்றாள் மகள், மெதுவாக. "நீ சொல்லுதது பொய்யில்ல. சத்து கொஞ்சம் தண்ணியில எறங்கத்தான் செய்யும். ஆனா உப்பும் அதுலதான் இருக்கும்."

"நான் உப்பே போடலியே!" என்றாள் இவள்.

"நீ போடலம்மா. அவங்க போட்டுட்டாங்க."

போனை வைத்தோம். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். நியாயமாகப் பார்த்தால் குதித்திருக்க வேண்டியவன் நான்தான். சட்டையை முகர்ந்து பார்த்தாயே, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே போய்விட்டது. உலகத்தில் யாரும் யாருக்கும் செய்யாத கொடுமையைச் செய்துவிட்ட மாதிரி நின்றாள்.

"திட்டிருங்களேன்" என்றாள். "ரெண்டு வார்த்த திட்டிருங்க. சும்ம நிக்காதீங்க."

"எதுக்குளா திட்டணும்? சத்துன்னுதானே ஊத்துன."

"உங்க கண்ணப் பாழாக்கிட்டேனே."

"கண்ணு எங்கயும் போகல. போயி டின்ன எடு. வடிப்போம்."

அவள் டின்னைப் பிடித்தாள், நான் வளையத்தை இழுத்தேன். வடிகட்டியில் பட்டாணியைக் கொட்டியதும் அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே கொட்டுகிறோம் என்பது அவளுக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை என்று தெரிந்தது. பட்டாணியைப் பைப்பில் காட்டி இரண்டு தடவை அலசினோம். அவள் டின்னின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, கடல் தண்ணி!" என்றாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் முதல் தடவையாக உண்மையிலேயே உப்பில்லாத சொதியைச் சாப்பிட்டேன். கைப்பக்குவம், இஞ்சிச்சாறு, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தது. ஆனாலும், அம்மம்மா, வாயில் வைக்க முடியவில்லை. "எப்படி இருக்கு?" என்றாள். "ஏதோ இருக்கு" என்றேன். இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை அடுத்த வாரமே ஆபரேசனுக்கு என்று ஓடவில்லை. டாக்டரம்மாவிடம் டின் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, இது மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, கொஞ்ச நாள் பொறுத்து வரச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாளை நான் கழித்த விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. வடகரையிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு குடும்பம், பிள்ளைகளோடு அருவிக்குப் போக என்னைக் கூப்பிட்டார்கள். வேறு டிரைவர் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போய்த் திரும்பிவிட்டார்களா, தண்ணீர் எப்படி விழுந்தது என்று நானே நாலு தடவை போன் போட்டு விசாரித்தேன். ஆடி பிறந்தது, ஆடியும் ஓடியது. நடுநடுவே வெயில் அடித்தது. வெயிலைப் பார்த்தால் என் எதிரியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

கடைசியில் அந்தக் காலை. பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி இறக்கிவிட்டு அதே நர்ஸ் சொன்னாள்: "ஆகா, அண்ணாச்சி! நல்லா எறங்கியிருக்கு. இன்னைக்கு முடிச்சிரலாம்."

என் வீட்டுக்காரி பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். சாமியைக் கும்பிடுகிற மாதிரி நர்ஸைக் கும்பிட்டாள். நான் பச்சைச் சட்டையை வாங்கிக்கொண்டு துணி மாற்றுகிற தடுப்புக்குப் பின்னால் போனேன். மனசு பறந்தது. ஆடி கடைசிதான், ஆவணியிலும் சாரல் இருக்கும், டாக்டரம்மா சரி என்று சொன்னதும் சாவியை எடுத்துவிடலாம், மெயின் அருவிக்கு முதல் டிரிப்பு யாரை ஏற்றலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டேன்.

அப்போது வெளியே நர்ஸின் குரல் கேட்டது. "என்னக்கா, தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. டக்குனு எந்திரிச்சதுல கிறுகிறுன்னு வந்திச்சு. அது அடிக்கடி வரும். உப்பில்லாமத் திங்கேன்லா, அதான்."

"கைய நீட்டுங்க, பாப்போம்."

தடுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். என் கையில் சுற்றிய அதே பட்டையை நர்ஸ் அவள் கையில் சுற்றியிருந்தாள். மிஷின் எண் எனக்குத் தெரியவில்லை, கண்தான் புகையாயிற்றே. ஆனால் நர்ஸ் மிஷினைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தியது தெரிந்தது. பட்டையைக் கழற்றி, இன்னொரு கையில் சுற்றி, மறுபடியும் அளந்தாள். பிறகு ரகசியமாக, "எப்பயாவது பாத்திருக்கீங்களாக்கா? மாத்திரை ஏதும் போடுதீங்களா?" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? அவருக்குத்தான் பிரஷரு."

அதே சொதி, அதே ரசம். எனக்கு ஊற்றிவிட்டுச் சட்டியின் அடியில் கிடந்ததை வழித்துத் தின்றது அவள். எனக்காவது மாத்திரை இருந்தது, போகும்போதெல்லாம் பட்டை சுற்றிப் பார்க்க ஆள் இருந்தது, கண், சீசன், வேன் என்று கவலைப்பட வீடே இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது? ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அதே பெஞ்சில், என் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை நீட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் எழுந்திருந்தாள். "டாக்டர்ட்ட சொல்லிட்டு வாரேன்க்கா. ரொம்பக் கூட இருக்கு."

அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் புண்ணியமாப் போகும்மா, அவருகிட்ட மட்டும் சொல்லிராத. கேட்டாருன்னா அவருக்கு ஏறிரும். இன்னைக்கும் கெடையாதுன்னு அனுப்பிருவீங்க. அவரு உள்ள போகட்டும். பொறவு என்னை எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ."

தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கத்த வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் மேல், டாக்டர் மேல், டின் அனுப்பிய மச்சினன் மேல், யார் மேலாவது. கத்தினால் ஏறும். ஏறினால் அவள் இத்தனை நாள் உப்பில்லாமல் தின்றதெல்லாம் வீண். கத்தாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்காக நான் செய்யக்கூடிய ஒரே காரியம். மூச்சை இழுத்து விட்டேன். ஒன்றும் கேட்காத மாதிரி வெளியே வந்து, "போயிட்டு வாரேன்ளா" என்றேன்.

"பைய போங்க. பயப்படாதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

உள்ளே மேஜையில் படுக்க வைத்தார்கள். முகத்தில் துணியைப் போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி விட்டார்கள். மேலே பெரிய வெளிச்சம். டாக்டரம்மா வந்தார். "அசையக் கூடாது. மனசுல எதையும் போட்டுக் கொழப்பிக்கிடாதீங்க. அமைதியா இருக்கணும்" என்றார். அமைதியாகப் படுத்திருந்தேன். பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் இருக்கத் தெரியாதவன், விரலைக்கூட அசைக்காமல் படுத்திருந்தேன்.

"பரவாயில்லையே, நல்லா ஒத்துழைக்கீங்க" என்றார்.

"சீக்கிரம் முடிங்க டாக்டர்" என்றேன். "வெளிய என் வீட்டுக்காரிய உடனே பாக்கணும் நீங்க."

"பேசாதீங்க, கண்ணு அசையுது" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.